பீரங்கியை ஏற்றிவிடலாம், விமானத்தை எங்கே போய் ஏற்றுவது?

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு பீரங்கியைப் படுக்க வைத்து எடுத்த படம் ஒன்று உண்டு. பீரங்கியின் பெயர் ஜிஏயு-8 அவெஞ்சர். ஏ-10 என்ற அமெரிக்கப் போர் விமானத்தின் மூக்கில் இருப்பது அதுதான். முன்னால் ஏழு குழல்கள், பின்னால் ஒரு பெரிய டிரம், இரண்டுக்கும் நடுவில் வளைந்து போகும் தோட்டாப் பாதை. எல்லாம் சேர்ந்து காரைவிட நீளம். பக்கத்தில் நிற்கிற கார் பொம்மை மாதிரி தெரியும்.

அந்தப் படத்தைப் பார்க்கிற யாருக்கும் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான். இதைத் தூக்கி ஒரு வண்டியின் மேல் வைத்தால் என்ன? எனக்கும் வந்தது. கல்லூரி விடுதியில் ஒரு ராத்திரி முழுக்க நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டுப் பார்த்தேன். லாரி மேல், டாங்கி மேல், ரயில் பெட்டி மேல். போல்ட் போட்டு இறுக்கினால் முடிந்தது என்பதுதான் அப்போது என் கணக்கு.

அந்தக் கணக்கு தப்பு என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு காற்று கம்ப்ரஸர். நான் வேலைக்குச் சேர்ந்த ஆலையில், மூடப்பட்ட இன்னொரு ஆலையிலிருந்து பழைய பிஸ்டன் கம்ப்ரஸர் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இரண்டரை டன் எடை. இரும்புச் சட்டம் ஒன்று வெல்டிங் செய்து, அதைத் தரையில் போல்ட் அடித்து, மேலே கம்ப்ரஸரை உட்கார வைத்தோம். அந்தச் சட்டத்துக்கு வரைபடம் போட்டது நான். ஓட்டிய நாலாவது நாள் ஒரு போல்ட் கழுத்தோடு அறுந்தது. எட்டாவது நாள் காற்றுக் குழாயின் ஃபிளாஞ்ச் வெடித்தது. ஃபோர்மேன் அண்ணன் வந்து குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: "தம்பி, மெஷினை மட்டும் கழட்டிட்டு வந்துட்டீங்க. அது நின்ன தரையை அங்கேயே விட்டுட்டு வந்துட்டீங்க."

விமானப் பீரங்கியைத் தரை வண்டியில் ஏற்றிய கதைகளை எங்கே படித்தாலும் எனக்கு இந்த வாக்கியம்தான் ஞாபகம் வரும். ஒரு விமானப் பீரங்கி தனி இயந்திரம் இல்லை. பாதி இயந்திரம். மறுபாதி விமானம்.

முதலில் உதைப்பைப் பார்ப்போம். தோட்டத்தில் பெரிய மோட்டார் போட்டு டியூபைக் கையில் பிடித்தவர்களுக்கு இது தெரியும். தண்ணீர் முன்னால் பாயப் பாய, டியூப் கையைப் பின்னால் தள்ளும். விட்டுவிட்டால் பாம்பு மாதிரி துள்ளி அடிக்கும். ஒரு நொடியில் எவ்வளவு எடை வெளியே போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது, இரண்டையும் பெருக்கினால் அதுதான் தள்ளும் விசை. வேகமாகச் சுடும் பீரங்கியும் அப்படித்தான். தனித்தனி உதையாக இல்லாமல், தொடர்ச்சியாகத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஜிஏயு-8 நிமிடத்துக்கு 3,900 குண்டு சுடும். அதாவது நொடிக்கு 65. கவசம் துளைக்கும் குண்டு ஒன்றின் எடை 400 கிராமுக்குப் பக்கம், வேகம் நொடிக்கு ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பெருக்கினால் 26,000 நியூட்டன். குண்டுக்குப் பின்னால் அதைவிட வேகமாக வெளியேறும் வெடிமருந்து வாயுவின் தள்ளலையும் சேர்த்தால் சுமார் 45,000 நியூட்டன். பேச்சுவழக்கில் சொன்னால் நாலரை டன். ஏ-10 விமானத்தில் இருக்கும் இரண்டு எஞ்சின்களில் ஒன்று முழு மூச்சாகத் தள்ளினாலும் 40,000 நியூட்டன்தான். பீரங்கி சுடும்போது பின்னோக்கித் தள்ளுவது, ஒரு எஞ்சின் முன்னோக்கித் தள்ளுவதைவிட அதிகம். இதனால் விமானம் வானத்தில் நின்றுவிடும் என்று ஒரு கதை சொல்வார்கள். அது உண்மை இல்லை. 14 டன் எடையோடு மணிக்குப் பல நூறு கி.மீ. வேகத்தில் போகிற ஒன்றை ஒன்றிரண்டு நொடி தள்ளினால், கொஞ்சம் வேகம் குறையும், அவ்வளவுதான்.

இதே பீரங்கியை அந்தப் படத்தில் இருக்கும் பீட்டில் மேல் கட்டிப் பாருங்கள். கார் 800 கிலோ. நிறையத் தோட்டாவோடு பீரங்கி அமைப்பு 1,800 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கூரை எப்படியோ தாங்கிவிட்டது, பிரேக் போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரே நொடி சுட்டால் கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி ஓடும்.

சரி, கார் வேண்டாம். 11 டன் எடையுள்ள எம்113 கவச வண்டியை எடுத்துக்கொள்வோம். அகலம் சுமார் 2.7 மீட்டர். பீரங்கி தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பக்கவாட்டில் திருப்பிச் சுடுகிறோம். கணக்குப் போட்டால் வண்டி கவிழாது. ஆனால் கவிழ்வதற்குத் தேவையான திருப்பு விசையில் முக்கால் பங்குக்கு மேல் வந்துவிடும். வண்டியின் எடை கிட்டத்தட்ட முழுவதும் ஒரு பக்கச் சங்கிலிச் சக்கரத்தின் மேல் சாயும். அந்தச் சக்கரங்களுக்கு மேலே ஸ்பிரிங் இருக்கிறது. ஸ்பிரிங் அமுங்கும், திரும்ப எழும், மறுபடி அமுங்கும். முதல் குண்டு போன திசையில் பத்தாவது குண்டு போகாது. கவிழ்வதைவிட இதுதான் பெரிய பிரச்சினை. குறி தப்பும் பீரங்கி எவ்வளவு பெரிதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ஏ-10 இதை எப்படிச் சமாளிக்கிறது என்பதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதை வருகிறது. குழல்கள் சுழலும்போது எந்தக் குழல் சுடும் இடத்துக்கு வருகிறதோ, அது விமானத்தின் நடுக்கோட்டில் சரியாக நிற்கும்படி பீரங்கியையே கொஞ்சம் இடதுபுறம் தள்ளி வைத்தார்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறை சுடும்போதும் மூக்கு ஒரு பக்கம் திரும்பும். பீரங்கிக்கு இடம் விட்டு முன்சக்கரத்தை வலதுபுறம் ஒதுக்கினார்கள். காலித் தோட்டாக் கூடுகளை வெளியே வீசாமல் திரும்ப டிரம்முக்கே கொண்டுபோகிறார்கள். கூடு எஞ்சினுக்குள் போகக் கூடாது, எடை ஒரேயடியாக இடம் மாறவும் கூடாது. குழல்களைச் சுழற்றுவது விமானத்தின் ஹைட்ராலிக் அழுத்தம். பராமரிப்புக்குப் பீரங்கியைக் கழற்றும்போது வாலுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விமானம் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிடும். இந்த விமானம் 1972இல் முதலில் பறந்தது. பீரங்கியைச் சுற்றித்தான் அதைக் கட்டினார்கள் என்று சொல்வது வெறும் பேச்சுக்கு இல்லை.

விமானத்துக்கு விமானம் மாற்றினாலே சிக்கல்தான். அதே குடும்பத்தைச் சேர்ந்த நாலு குழல் பீரங்கி ஒன்றைத் தனிப் பெட்டியில் வைத்து, 1991 வளைகுடாப் போரில் எஃப்-16 விமானத்தின் வயிற்றில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். தொங்கும் பிடிமானம் ஆடியது, குண்டு சிதறியது, சீக்கிரமே கைவிட்டார்கள்.

அப்படியென்றால் தரையில் யாருமே இதைச் செய்து வெற்றி பெறவில்லையா? செய்தார்கள். ஆனால் இதைவிடச் சின்னப் பீரங்கியோடு.

1862இல் ரிச்சர்ட் கேட்லிங் கைப்பிடியைச் சுற்றினால் சுடும் பலகுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ஜெட் விமானங்களின் வேகத்துக்குப் பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கிகள் போதாது என்று தெரிந்தபோது, அமெரிக்கர்கள் அந்தப் பழைய யோசனைக்குத் திரும்பினார்கள். மின்மோட்டார் மாட்டினார்கள். 1946இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்கு வேலை போனது. பல வருட உழைப்புக்குப் பிறகு வந்ததுதான் எம்61 வல்கன். 20 மி.மீ., ஆறு குழல், 112 கிலோ, நிமிடத்துக்கு 6,000 குண்டு. முதலில் எஃப்-104இல் வந்தது, அப்புறம் அமெரிக்கப் போர் விமானங்களில் பெரும்பாலானவற்றில்.

1960களில் அமெரிக்கத் தரைப்படைக்குத் தாழப் பறக்கும் விமானங்களைச் சுட ஏதாவது வேண்டியிருந்தது. வல்கன் கையிலேயே இருந்தது. எம்113இன் சேசிஸ் மேல் அதை ஏற்றினார்கள். எம்163 என்று பெயர். 1968இல் வியட்நாமில் சோதனைக்கு அனுப்பினார்கள்.

அந்த வண்டியில் என்னென்ன மாற்றினார்கள் என்று பாருங்கள், பொறியாளர்கள் எங்கே உட்கார்ந்து யோசித்தார்கள் என்பது தெரியும். முதலில் வேகத்தைக் குறைத்தார்கள். விமானத்தில் 6,000 சுட்ட பீரங்கி இங்கே விமானங்களுக்கு எதிராக 3,000, தரை இலக்குகளுக்கு 1,000 மட்டும். உதைப்பும் அந்த அளவுக்கு இறங்கியது. அடுத்து, விசையை அழுத்தினால் எத்தனை குண்டு போக வேண்டும் என்பதை முன்கூட்டியே 10, 30, 60, 100 என்று பிரித்து வைத்தார்கள். வண்டியில் மொத்தமே 2,000 குண்டுக்குக் கொஞ்சம் மேல்தான், அதிலும் பாதி கையிருப்பு. 3,000 வேகத்தில் விரலை எடுக்காமல் அழுத்தினால் தயாராக இருக்கும் குண்டு அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும்.

என் மனதுக்குப் பிடித்தது மூன்றாவது மாற்றம். சுடும்போது சஸ்பென்ஷனைப் பூட்டிவிடுகிற ஏற்பாடு செய்தார்கள். அந்த நேரத்துக்கு ஸ்பிரிங் வேலை செய்யாது, வண்டி ஒரு கல் மாதிரி உட்காரும். ஆழ்துளைக் கிணறு போடும் லாரி, துளை போடும் முன் ஜாக்கி கால்களை ஊன்றிச் சக்கரத்தின் மேலிருந்து எடையை எடுப்பது போலத்தான். ஓடும்போது அது வண்டி, சுடும்போது அது தரை. ஃபோர்மேன் அண்ணன் சொன்ன "நின்ன தரை"யை இவர்கள் கூடவே எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்காக எம்163 குறையில்லாத ஆயுதம் என்று சொல்ல மாட்டேன். தாக்குதூரம் பறக்கும் விமானங்களுக்கு எதிராக 1,200 மீட்டர் அளவுதான். டரட்டின், அதாவது பீரங்கியோடு சேர்ந்து சுழலும் மேல்கூட்டின், பக்கத்தில் ஒரு சின்ன ரேடார் இருந்தது, ஆனால் அது தூரத்தை மட்டும் அளந்து சொல்லும். விமானத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதும் விடாமல் தொடர்வதும் சுடுபவரின் கண். அவர் உட்கார்ந்திருந்தது மேலே கூரையில்லாத டரட்டில். ஒரு ஜெட் நொடிக்கு 250 மீட்டர் போனால், 1,200 மீட்டர் என்பது ஐந்து நொடி. அந்த ஐந்து நொடிக்குள் பார்த்து, திருப்பி, குறிவைத்து, சுட வேண்டும். விமானப் பீரங்கி விமானத்தில் இருக்கும்போது இந்தச் சிரமம் இல்லை. விமானமே எதிரியை நோக்கித் திரும்புகிறது, மூக்கு எங்கே பார்க்கிறதோ அதுதான் குறி. தரையில் அந்தத் திருப்பும் வேலையையும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

இன்னொன்று உண்டு. மேல்நோக்கிச் சுட்ட குண்டு இலக்கைத் தொடாவிட்டால் கீழே வரும். விழுவது நம் ஆட்களின் தலையில். அதனால் விமானங்களை நோக்கிச் சுடும் 20 மி.மீ. குண்டுகளில், குறிப்பிட்ட தூரம் போனதும் தானாக வெடிக்கும் வகையைப் பயன்படுத்தினார்கள். வானத்திலிருந்து கீழே சுடும் விமானிக்கு இந்தக் கவலை கிடையாது. தரையில் நிற்கிறவனுக்கு உண்டு.

இதே யோசனையை ஜெர்மானியர்கள் 1944இலேயே செய்தார்கள், ஆனால் அங்கே காரணம் வேறு. எம்ஜி 151 என்ற விமானத் துப்பாக்கி அவர்களிடம் நிறைய மீந்து கிடந்தது, ஏனென்றால் விமானங்களுக்குப் பெரிய துளை கொண்ட பீரங்கிகள் வந்துவிட்டன. மூன்று துப்பாக்கிகளைச் சேர்த்து ஒரே தூணில் மாட்டி, எஸ்டிகேஎஃப்செட் 251 என்ற அரைச்சங்கிலி வண்டியின் (முன்னால் சக்கரம், பின்னால் சங்கிலி) நடுவில் நட்டார்கள். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 700 சொச்சம். வண்டி எட்டு டன்னுக்குப் பக்கம், துப்பாக்கி சின்னது, அதனால் உதைப்பு பெரிய விஷயமாக இல்லை. ஆள் பலத்தால் திருப்பி, கண்ணால் பார்த்துச் சுட்டார்கள். இருப்பதை வைத்துச் சமாளித்த ஏற்பாடுதான். ஆனாலும் எடைக்குத் தகுந்த துப்பாக்கி என்பதால் வேலை செய்தது.

2011இல் லிபியாவில் கிளர்ச்சியாளர்கள் விமானங்களிலும் ஹெலிகாப்டர்களிலும் இருந்த ராக்கெட் குழாய்த் தொகுதிகளைக் கழற்றி டொயோட்டா பிக்அப் வண்டிகளில் வெல்டிங் செய்து பொருத்தினார்கள். ராக்கெட்டில் உதைப்புப் பிரச்சினை குறைவு, சரி. ஆனால் அந்த ராக்கெட்டின் வால் இறக்கைகள், பறக்கும் விமானத்திலிருந்து கிளம்புவதை நினைத்துச் செய்தவை. கிளம்பும் கணத்திலேயே எதிர்காற்று இறக்கையைப் பிடித்து நேராக்கும். நிற்கிற பிக்அப்பில் அந்தக் காற்று இல்லை. கிளம்பும்போதே தள்ளாடி, எங்கேயோ விழுந்தன. வீதிகளிலும் வீடுகளிலும் விழுந்தன என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதக் கூடாது. ஆயுதத்தின் மறுபாதியை விட்டுவிட்டு வந்ததன் விலையை, அதைப் பொருத்தியவர்கள் மட்டும் கொடுக்கவில்லை.

ஜிஏயு-8 நிஜமாகவே விமானத்தை விட்டு வெளியே வந்த இடம் ஒன்று உண்டு. கப்பல். நெதர்லாந்தில் உருவான கோல்கீப்பர் என்ற அமைப்பில், கப்பலை நோக்கி வரும் ஏவுகணைகளைச் சுடுவதற்கு இதே பீரங்கியை வைத்தார்கள். ரேடார், டரட், கீழ்த்தளத்தில் டிரம் எல்லாம் சேர்த்து எடை 9 டன்னுக்கு மேல். பீரங்கியின் சொந்த எடை 281 கிலோ. 281 கிலோவை ஒழுங்காக நிறுத்த 9 டன். அதற்கும் கீழே ஆயிரக்கணக்கான டன் கப்பல். வல்கனும் இப்படித்தான் ஃபேலங்ஸ் என்ற பெயரில் கப்பலுக்குப் போனது. அங்கிருந்து 2005இல் ஈராக்கில் தரைக்கே வந்தது, முகாம்களின் மேல் விழும் மார்ட்டர் குண்டுகளை வானத்திலேயே சுட. ஆனால் எதன் மேல் வந்தது? ஒரு நீளமான டிரெய்லர் மேல், கூடவே ஜெனரேட்டர். ஓடிக்கொண்டே சுடும் வண்டி இல்லை அது. ஓரிடத்தில் நிறுத்தி, ஊன்றி, நின்று சுடுவது.

ஜிஏயு-8ஐ ஓடும் வண்டியில் ஏற்றவும் ஒரு முறை முயன்றார்கள். 1970களின் கடைசியில் எம்163க்குப் பதிலாகப் புது வண்டி வேண்டும் என்று அமெரிக்கத் தரைப்படை கேட்டது. எம்48 டாங்கியின் சேசிஸ் மேல்தான் எல்லோரும் கட்ட வேண்டும். போட்டிக்கு வந்தவர்களில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் வடிவம், இந்த 30 மி.மீ. பீரங்கியைப் புது டரட்டில் வைத்தது. டாங்கியின் எடை இருந்தால் நாலரை டன் உதைப்பைத் தாங்கும், கணக்கு சரிதான். ஆனால் 1978இல் அடுத்த சுற்றுக்குத் தேர்வானவை வேறு இரண்டு. கடைசியில் ஜெயித்தது 40 மி.மீ. இரட்டைப் பீரங்கி வைத்த வண்டி. அதுவும் ஆயிரம் கோளாறுகளோடு தடுமாறி, 1985இல் ரத்தானது.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே சுவாரசியமான பகுதி. பீரங்கி இறங்கி வரவில்லை, அதன் தோட்டா இறங்கி வந்தது. ஜிஏயு-8 சுடும் 30×173 மி.மீ. (குண்டின் விட்டம் 30, தோட்டாக் கூட்டின் நீளம் 173) என்ற அதே தோட்டா அளவை இன்று எத்தனையோ தரை வண்டிகள் சுடுகின்றன. ஜெர்மனியின் பூமா, அமெரிக்காவின் எட்டுச் சக்கர ஸ்ட்ரைக்கரில் ஒரு வகை. ஆனால் ஒற்றைக் குழலில், ஸ்ட்ரைக்கரில் நிமிடத்துக்கு 200 என்ற நிதானத்தில். நொடிக்கு 65 தேவைப்பட்டது விமானிக்கு, ஏனென்றால் இலக்கு அவன் கண்ணில் ஒன்றிரண்டு நொடிதான் நிற்கும். தரையில் இருப்பவனுக்கு அந்த அவசரம் இல்லை. நின்று, ஒன்று சுட்டு, எங்கே விழுந்தது என்று பார்த்து, அடுத்ததைச் சுடலாம்.

இப்போது ட்ரோன்களைச் சுட ஸ்ட்ரைக்கரின் மேல் இன்னொரு 30 மி.மீ. பீரங்கி வந்திருக்கிறது. அது அபாச்சி ஹெலிகாப்டரின் மூக்குக்கு அடியில் இருக்கும் எம்230இன் நீளக்குழல் வடிவம். 2021இல் ஜெர்மனியில் இருக்கும் அமெரிக்கப் படைக்கு முதலில் போனது. இது மட்டும் எப்படிச் சுலபமாக இறங்கியது? தோட்டா சின்னது, 30×113. மிதந்து நிற்கும் ஹெலிகாப்டரால் பெரிய உதைப்பைத் தாங்க முடியாது, அதனால் பிறக்கும்போதே அடக்கமாகப் பிறந்த பீரங்கி அது. குறைவாகக் கேட்டுப் பழகியதால் எந்த வண்டியிலும் ஒட்டிக்கொண்டது.

எங்கள் கம்ப்ரஸருக்குக் கடைசியில் நான் போட்ட சட்டத்தை வெட்டி எடுத்தோம். தரையைத் தோண்டிக் கம்பி கட்டி, 12 டன் காங்கிரீட் ஊற்றினோம். 28 நாள் தண்ணீர் விட்டுக் காய வைத்தோம். புது ஃபவுண்டேஷன் போல்ட், கீழே கிரவுட். ஓட்டிய அன்று ஃபோர்மேன் அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸரின் அடிச்சட்டத்தின் மேல் விளிம்பில் நிற்க வைத்தார். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். நாணயம் நின்றது. அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.